கார் இல்லாத சனிக்கிழமை

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் ஐந்து பேர் பழைய ஆபீஸ் தோழிகள். மாதம் ஒரு சனிக்கிழமை சேர்ந்து ஷாப்பிங் போவது பல வருடப் பழக்கம். கார் வைத்திருந்தவள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். மிச்சம் இருக்கும் நாலு பேரும் போன தடவை மெட்ரோவும் பஸ்ஸுமாகப் போனோம். ரயில் மாறும் இடத்தில் இரண்டு பேர் ஏறியதும் கதவு மூடிவிட்டது. ஏறியவர்கள் இறங்கித் திரும்பி வர, நின்றவர்கள் அடுத்த ரயிலில் அவர்களைத் தேடிப் போக, ஒன்று சேர முக்கால் மணி நேரம் ஆனது. சாயங்காலம் ஒருத்தி கடையை விட்டு வெளியே வரவே இல்லை. கடைசியில் நெரிசலான பஸ்ஸில் பைகளோடு நின்றுகொண்டே வீடு வந்தோம். முழங்கால் வலி உள்ள தோழி, "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். க்ரூப்பில் மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. இதை எப்படிச் சரிசெய்வது? – ஒரு வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தத் தோழிக்குப் போன் செய்யுங்கள். க்ரூப்பில் மெசேஜ் போடாதீர்கள். நாலு பேர் படிக்கிற இடத்தில் யாரும் தன் முழங்கால் வலியைப் பற்றி மனம்விட்டுப் பேசமாட்டார்கள். "கோபமா?" என்றும் கேட்க வேண்டாம். "அன்னிக்கு எந்த இடத்துல ரொம்ப முடியாமப் போச்சு?" என்று கேளுங்கள். பஸ்ஸில் நின்றதா, பிளாட்ஃபாரத்தில் காத்திருந்ததா, படிக்கட்டா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி இருக்கிறது. அவள் வாயால் வந்தால்தான் எது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். கார் உங்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி மட்டும் இல்லை, நாள் முழுக்க உங்கள் பைகளை வைத்திருந்த அலமாரியும் அதுதான். வாங்கியதை டிக்கியில் போட்டுவிட்டு வெறும் கையோடு அடுத்த கடைக்குப் போனீர்கள். இப்போது வண்டி மாறிவிட்டது, வாங்கும் வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் பதினொரு மணிக்கு வாங்கிய கனமான பொருள் சாயங்காலம் ஆறு மணி வரை தோளில்தான் தொங்கும்.

ஒருமுறை நான் இதே தப்பைச் செய்தேன். முதல் கடையிலேயே ஆசைப்பட்டு நாலு பீங்கான் கிண்ணம் வாங்கிவிட்டேன். கடையில் தூக்கிப் பார்த்தபோது கனமே தெரியவில்லை. மதியத்துக்குள் பையின் கைப்பிடி கயிறுபோலச் சுருண்டு, நாலு விரலிலும் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. என் தோழி ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கத்துக் கைப்பிடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். இருவருமாக அதைத் தூக்கியபடி ஸ்டேஷன் வரை நடந்தோம். அன்றிலிருந்து காலையில் பார்ப்பதோடு சரி. விலை விசாரிப்பேன், போட்டோ எடுத்துக்கொள்வேன். வாங்குவது கிளம்பும் நேரத்தில், அதுவும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையில். கனமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பித் தருவார்களா என்று கேட்டுவிடுவேன். தோளில் குறுக்காக மாட்டுகிற துணிப்பை ஒன்றும் கூடவே வரும். கம்பியைப் பிடிக்க ஒரு கையாவது காலியாக இருக்க வேண்டும், அல்லவா?

கதவு மூடிய கதைக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் நகர்ந்ததுதான் அங்கே நடந்த தவறு. கிளம்பும் முன்பே ஒன்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஏறியவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், விடுபட்டவர்கள் அதே பிளாட்ஃபாரத்தில் வரும் அடுத்த ரயிலில் ஏறி அந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும். யாரும் பின்னோக்கி வரக் கூடாது. ஒரே பிளாட்ஃபாரத்திலிருந்து வேறு வேறு தடத்து ரயில்கள் கிளம்புகிற இடமாக இருந்தால், பெயர்ப் பலகையைப் பார்த்து அதே தடத்து ரயிலில் ஏறுங்கள். எப்போதும் முதல் பெட்டியிலேயே ஏறுவது என்று வைத்துக்கொண்டால் தேட வேண்டியதே இல்லை. சுரங்கத்தில் சிக்னல் கிடைக்காவிட்டாலும் இந்த ஏற்பாடு பலிக்கும்.

அதைவிட முக்கியம், மாறி ஏறுவதையே குறைப்பது. மொபைல் ஆப் பெரும்பாலும் சீக்கிரம் போகும் வழியைத்தான் முதலில் காட்டும். அது தனியாளுக்குச் சரி. நாலு பேர் சேர்ந்து போகும்போது ஒவ்வொரு மாற்றமும் ஒரு படிக்கட்டு, ஒரு கூட்டம், ஒருவருக்காக மற்றவர்கள் நிற்பது. இருபது நிமிடம் கூடுதலானாலும் நேராகப் போகும் பஸ் இருந்தால் அதில் போங்கள். புறப்படும் இடத்திலேயே ஏறினால் உட்கார இடமும் கிடைக்கும். முழங்கால் வலிக்காரத் தோழிக்கு இந்த ஒரு மாற்றமே பாதி நிம்மதி. மீதிக்கு, எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையை விட்டு வராத தோழியைக் கோபிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மூடிய பெரிய வணிக வளாகங்களில் வெளிச்சம் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், வெளியே பொழுது சாய்வது தெரியாது. இந்த வகை வளாகத்துக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் சவுத்டேல், அமெரிக்காவின் மினியாபொலிஸ் அருகே 1956-ல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூயன். எதை வாங்க வந்தோம் என்பதையே மறந்து சுற்ற ஆரம்பிக்கும் அந்த நிலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் இந்த வளாகங்களின் போக்கு அவருக்கே பிடிக்காமல் போனது. அங்கே உங்கள் தோழி நேரத்தை மறந்தாள் என்பதில் ஆச்சரியம் இல்லை. அதனால் சந்திக்கும் இடத்தைக் கடைக்குள் வைக்காதீர்கள். ஸ்டேஷன் பக்கத்து வாசலுக்கு வெளியே, இத்தனை மணிக்கு என்று சொல்லி, ஆளுக்கொரு அலாரம் வைத்துவிடுங்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போகலாம். நாலு பேரும் ஒரே வேகத்தில் பொருள் பார்ப்பதில்லை.

திரும்பும் வண்டியைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பல நகரங்களில் சனி, ஞாயிறுகளில் வேறு நேர அட்டவணை; தண்டவாளப் பராமரிப்பையும் அந்த நாட்களில் வைப்பதுண்டு. எனவே கிளம்பும் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாறி ஏற வேண்டியிருந்தால் இரண்டாவது வண்டியின் கடைசி நேரம்தான் கணக்கு. அந்தக் கடைசி வண்டிக்கு இரண்டு வண்டி முன்னால் கிளம்பினால் பதற்றம் இருக்காது.

டிக்கெட் விஷயம் சின்னதுதான். ஆளுக்கொரு கார்டு இருக்கட்டும். ஒரே நாளில் எத்தனை தடவை ஏறினாலும் ஒரு தொகைக்கு மேல் கட்டணம் பிடிக்காத ஊரானால், காலையில் தட்டிய அதே கார்டையே நாள் முழுக்கத் தட்டுங்கள். நடுவில் போனுக்கு மாறினால் அதை வேறு ஆளாகக் கணக்கெடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

இன்று இரவே அவளுக்குப் போன் செய்யுங்கள். அவள் முழு நாளும் வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள். காரில் போனபோது ஒருத்திக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் கிளம்ப வேண்டியிருந்தது, அதனாலேயே அவள் எத்தனையோ தடவை வலியைச் சொல்லாமல் பொறுத்திருப்பாள். இப்போது மதியம் நேராக அங்கே வந்து சேரலாம். நாலு மணிக்கு வலித்தால், ஒருத்தி கூட வந்து பஸ் ஏற்றிவிட, அவள் உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம்.