ஒளியுணர் மரபணு சிகிச்சை: கேள்வி பதில்

கேள்வி: சார், அண்ணனுக்கு ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல அழியும் பரம்பரை நோய்). விளக்கு எரிகிறதா என்பது மட்டும்தான் தெரிகிறது. லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை மருந்தைப் போடலாமா?

பதில்: முதலில் மரபணுப் பரிசோதனை. ஆர்.பி.இ.65 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகி, ஒளியேற்பு செல்கள் (விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள்) இன்னும் உயிரோடு இருந்தால் மட்டுமே லக்ஸ்டர்னா. அந்தச் செல்கள் அழிந்துவிட்டால் ஆப்டோஜெனெட்டிக்ஸ், அதாவது ஒளியுணர் மரபணு சிகிச்சைதான் வழி. இதற்கு எந்த மரபணு பழுது என்பது பொருட்டல்ல. பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரதத்தின் மரபணுவை ஏ.ஏ.வி. என்ற, மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸில் ஏற்றிக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவார்கள். எஞ்சியிருக்கும் கேங்லியன் செல்களே (விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்கள்) ஒளியை உணரத் தொடங்கும். இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

2021இல் சஹேல், ரோஸ்கா என்ற ஆய்வாளர்களின் குழு இந்தச் சிகிச்சை பற்றி வெளியிட்ட ஆய்வில் நோயாளிக்கு வயது 58. ஒரு கண்ணில் மட்டும் ஊசி. புரதம் செல்களில் நிலைபெற நான்கு மாதத்துக்கு மேல் விட்டு, பிறகு கேமரா பொருத்திய மூக்குக்கண்ணாடியோடு பயிற்சி. பயிற்சி தொடங்கி ஏழு மாதம் கழித்தே பலன் தெரிந்தது. வெள்ளை மேசைமேல் வைத்த நோட்டுப் புத்தகத்தை 92% முறை தொட்டார், சின்ன ஸ்டேப்பிள் பெட்டியை 36% முறைதான். முகம் தெரியும், படிக்கலாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால்?

பதில்: பணம் வாங்கிக்கொண்டு போடும் இடத்துக்குப் போகாதீர்கள். ஃபுளோரிடாவில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை இரு கண்ணிலும் போட்டு மூன்று பெண்களின் பார்வை பறிபோனது 2017இல் பதிவானது. முறையான ஆய்வு சிகிச்சைக்குக் கட்டணம் கேட்காது.

கேள்வி: கண்ணாடி எதற்கு? எம்.சி.ஓ.-010 என்ற இன்னொரு ஒளியுணர் சிகிச்சைக்கு அது தேவையில்லையே. கம்பெனிக்காரர்கள் தலையில் கட்டுகிறார்கள்.

பதில்: இல்லை. இரண்டிலும் புரதம் வேறு, குறிவைக்கும் செல்லும் வேறு. எம்.சி.ஓ. பைபோலார் செல்லுக்குப் (ஒளியேற்பு செல்லுக்கும் கேங்லியன் செல்லுக்கும் இடையில் இருப்பது) போகிறது, சாதாரண வெளிச்சத்தில் வேலை செய்யவே வடிவமைத்தது. 58 வயதுக்காரருக்குப் போட்டது கிரிம்சன்ஆர் என்ற புரதத்தின் மரபணு. அந்தப் புரதத்துக்குப் பலத்த ஒளி வேண்டும். கண்ணாடியிலுள்ள கேமரா வெளிச்ச மாற்றத்தைப் பிடித்து, 595 நானோமீட்டர் அலைநீள ஆம்பர் (மஞ்சள்-ஆரஞ்சு) ஒளியாக விழித்திரையில் பாய்ச்சுகிறது.

கேள்வி: அப்படியானால் வெயிலில் நின்றால் போதுமே?

பதில்: போதாது. நம் ஒளியேற்பு செல்கள் நிலவொளிக்கும் உச்சிவெயிலுக்கும் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். இந்தப் புரதத்துக்கு அது தெரியாது. ஒளி குறைந்தால் அசையாது. நிழலுக்குள் வந்ததும் எல்லாம் மறையும். பழைய ஒளியுணர் புரதமான சேனல்ரோடாப்சின்-2க்கு நீல ஒளி வேண்டும், அவ்வளவு பலமான நீலம் விழித்திரையைக் கெடுக்கும். ஆம்பரைத் தேர்ந்ததன் காரணம் அதுதான்.

கேள்வி: க்ளாக்கோமாவுக்கு (கண் நீர் அழுத்த நோய்) இந்தச் சிகிச்சை ஆகுமா?

பதில்: ஆகாது. அதில் அழிவதே கேங்லியன் செல்தான்.

கேள்வி: ஸ்டெம் செல்லுக்கு ஒரு இடத்தில் முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கட்டாதீர்கள்.

கேள்வி: தங்கைக்கு ஸ்டார்கார்ட் (விழித்திரையின் மையத்தைப் பாதிக்கும் பரம்பரை நோய்), ஏ.பி.சி.ஏ.4 மரபணு பழுது. வைட்டமின் ஏ மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதிலிருந்து உண்டாகும் நச்சுக் கழிவு விழித்திரையில் இன்னும் சேரும். சத்து மாத்திரை டப்பாவிலும் ரெட்டினால் (வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவம்) இருக்கிறதா என்று பாருங்கள்.