ரீசெட் செய்யுமுன் எண்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்

கேள்வி: என் ஆண்ட்ராய்ட் போன் நாலு வருடப் பழசு. இப்போது ரொம்ப மந்தமாகிவிட்டது. ரீசெட் செய்தால் சரியாகும் என்கிறான் பேரன். ஐந்நூறுக்கு மேல் எண்கள் இருக்கின்றன. பாதி ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுடையவை. எல்லாவற்றையும் சிம் கார்டுக்கு மாற்றிவிட்டு ரீசெட் செய்யலாமா? - வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

சிம் கார்டை நம்ப வேண்டாம். பழைய நோக்கியா காலத்தில் அது சரியான வழிதான். ஆனால் பெரும்பாலான சிம் கார்டுகளில் 250 எண்களுக்கு மேல் இடம் இருக்காது. பெயருக்கும் சில எழுத்துகள்தான் இடம். தமிழ் எழுத்துக்கு ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் தேவை என்பதால், தமிழில் எழுதிய பெயர் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். 'கும்பகோணம் பெரியத்தை வீடு' என்று வைத்திருந்தது 'கும்பகோ' என்று நிற்கும். கும்பகோணத்தில் நாலு சொந்தம் இருந்தால், ஒவ்வொருவரையும் அழைத்துப் பார்த்துத்தான் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மின்னஞ்சல், முகவரி, பிறந்தநாள் எதுவும் அதில் போகாது. இசிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வழியே கிடையாது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போனில் நீங்கள் பார்க்கும் பெயர்ப் பட்டியல் ஒன்றுதான். ஆனால் அந்த எண்கள் இருக்கும் இடங்கள் பல. சில கூகல் கணக்கில், சில சிம்மில், சில போனின் உள்நினைவகத்தில் மட்டும். ரீசெட்டில் அழிவது அந்தக் கடைசி வகை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அத்தையின் போனை நானே ரீசெட் செய்தேன். கூகல் கணக்கில் சிங்க் (எண்களைத் தானாகவே கணக்கில் சேர்த்து வைப்பது) ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. அந்தத் தைரியத்தில் அழுத்திவிட்டேன். திரும்பி வந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் 'போன்' என்ற இடத்தில் சேமித்தவை. சிங்க் அவற்றைத் தொடவே இல்லை. பாவம், அத்தை தீபாவளி வரை சொந்தக்காரர்களின் எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. சாம்சங் போன் என்றால், தொடர்புகள் செயலியில் மூன்று கோடுகளைத் தட்டுங்கள். போன், சிம், கூகல் என்று தனித்தனியாக எத்தனை எண்கள் என்று காட்டும். அங்கேயே தொடர்புகளை நிர்வகிக்கும் பகுதியில் 'மூவ் கான்டாக்ட்ஸ்' இருக்கும். போனிலும் சிம்மிலும் இருப்பவற்றைக் கூகல் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மற்ற போன்களில் பெயர்கள் கொஞ்சம் மாறும். கூகல் அமைப்புகளில் 'போனில் உள்ள தொடர்புகளையும் சிங்க் செய்' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதை இயக்குங்கள்.

அப்புறம், போனைக் கீழே வைத்துவிட்டு வேறொரு திரையில் பாருங்கள். இதை மட்டும் தாண்டிவிடாதீர்கள். வீட்டுக் கணினியில் உங்கள் கூகல் கணக்கில் நுழைந்து கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறங்கள். மொத்த எண்ணிக்கை அங்கே தெரியும். ஊரிலுள்ள இரண்டு பெயர், இங்குள்ள இரண்டு பெயர், கடைசியாகச் சேர்த்த ஒரு பெயர் என்று தேடிப் பாருங்கள். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ரீசெட்டுக்குப் பிறகு அந்தக் கணக்கில் நுழைய முடியாவிட்டால் அதிலுள்ள ஒரு எண்ணும் திரும்பாது.

மனம் இன்னும் சமாதானமாகவில்லை என்றால் ஒரு கோப்பும் எடுத்து வையுங்கள். 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் எல்லா எண்களும் ஒரே விசிஎஃப் கோப்பாக வரும். அதைப் போனிலேயே விட்டால் ரீசெட்டோடு அதுவும் போகும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதிலும் பயனில்லை; அந்த உரையாடல் திரும்பி வர வாட்ஸ்அப்புக்குத் தனி பேக்கப் வேண்டும். உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர்களுக்குப் பதில் சமன் குறியும் எழுத்தும் எண்ணும் கலந்து தெரியலாம். பயம் வேண்டாம், போனில் ஏற்றும்போது தமிழாகிவிடும். குடும்பக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது ஐந்நூறு பேருடைய எண்.

ஐபோன்காரர்களுக்குச் சுருக்கமாக: அமைப்புகளில் உங்கள் பெயரைத் தட்டி, ஐகிளவுடில் தொடர்புகள் இயங்குகிறதா என்று பாருங்கள். மற்றபடி அதே கணினிச் சோதனைதான்.

எண்கள் பத்திரமானாலும், சிங்கப்பூரில் இருக்கும் நாம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ரீசெட்டில் சிங்பாஸ் செயலியும் (அரசு சேவைகளில் நுழைய உதவுவது) வங்கியின் மின்னிலக்க டோக்கனும் (பணம் அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிசெய்வது) அழியும். இரண்டையும் மறுபடி அமைக்க வேண்டும். மோசடிகளைத் தடுக்க 2022இல் வந்த விதிப்படி, புதிய டோக்கன் இயங்கக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளில் ரீசெட்டைத் தொடாதீர்கள். இசிம் என்றால், ரீசெட் திரையில் அதையும் அழிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரீசெட் மெனுவில் 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்' என்பதுதான் எல்லாவற்றையும் அழிப்பது. 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' ரீசெட் எண்களைத் தொடாது, ஆனால் போனின் மந்தத்தையும் தீர்க்காது.

எல்லாம் முடிந்ததும் அதே கூகல் கணக்கில் நுழைந்து சில நிமிடம் பொறுங்கள். உடனே விசிஎஃப் கோப்பை ஏற்றிவிட்டால் ஒவ்வொரு பெயரும் இரண்டிரண்டாக வந்து நிற்கும். எண்ணிக்கை குறைந்தால் மட்டும் கோப்பை எடுங்கள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டாலும், கூகல் கான்டாக்ட்ஸின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் இருக்கும் மின்னிலக்கத் தூதர்களிடம் கேளுங்கள், இலவசம். கடவுச்சொல்லை மட்டும் நீங்களே தட்டுங்கள்.