நாலுக்கு ஏழு பாத்ரூமில் வாளிக்கும் ஓர் இடம்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம் பற்றியவை. அளவும் ஏறக்குறைய ஒன்றுதான்: அகலம் 4 அல்லது 5 அடி, நீளம் 7 அல்லது 8. கமோடு கேட்டிருக்கிறார்கள், கண்ணாடித் தடுப்பு கேட்டிருக்கிறார்கள், வாளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஷவர் வைத்த வீட்டிலும் வாளி இருக்கத்தான் செய்கிறது. தரையில் இடம் பிடிப்பதில் கமோடுக்கு அடுத்தது அதுதான்.

எங்கள் பாத்ரூம் 5 × 8 அடி. கதவு 5 அடிச் சுவரில் வருகிறது. கமோடு, பேசின், ஷவர் மூன்றையும் எப்படி வரிசைப்படுத்தலாம்? (வாசகி, தாம்பரம்)

உங்களுடையது நல்ல அளவு. கதவிலிருந்து உள்ளே போகப் போக ஈரம் கூடிக்கொண்டே போக வேண்டும். முதலில் பேசின், அடுத்து கமோடு, கடைசியில் குளிக்கும் இடம். மூன்றையும் ஒரே 8 அடிச் சுவரில் வையுங்கள். பேசினுக்கு 2 அடி, கமோடுக்கு இரண்டரை அடி, மீதி மூன்றரை அடி குளிக்க. கமோடின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 அங்குலம் காலியாக இருந்தால்தான் முழங்கை இடிக்காது. அந்தக் கணக்கில்தான் இரண்டரை அடி.

கதவை எதிர்ச்சுவரை ஒட்டி வைத்தால், திறக்கும்போது அந்த வெற்றுச் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்ளும். குழாய்கள் எல்லாம் ஒரே சுவரில் ஓடுவதால் செலவு குறையும். நாளைக்கு எங்காவது கசிந்தாலும் தேடுவது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. பிளானில் இருக்கும் 5 அடி, பூச்சும் டைல்ஸும் ஏறியபின் 4 அடி 9 அங்குலமாகிவிடும். அந்த அளவை வைத்து, காலி அறையின் தரையில் சாக்பீஸால் எல்லாவற்றையும் வரையுங்கள். வாளிக்கு ஒரு வட்டம், முக்காலிக்கு ஒரு சதுரம். அப்புறம் நீங்களே உட்கார்ந்து குனிந்து, குவளையால் மொள்ளுவதுபோல் செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார், பரவாயில்லை. வாளிக் குழாய் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருந்தால் பெரிய வாளியும் அடியில் நிற்கும்.

4 × 7 அடி பாத்ரூமில் கண்ணாடித் தடுப்பு போடலாமா? (வாசகர், கோவை)

வேண்டாம். குளியலும் கழிப்பிடமும் சேர்ந்த அறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. உங்களிடம் இருப்பது 28. அதற்குள் ஒரு கண்ணாடியும் அதற்கொரு கதவும் வந்தால் திரும்பக்கூட முடியாது. போர்த் தண்ணீர் வேறு என்றால் ஆறே மாதத்தில் கண்ணாடி முழுக்க உப்புக் கறை.

குளிக்கும் இடத்துத் தரையை மட்டும் ஒரு அங்குலம் இறக்கி, ஓரத்தில் ஒரு கிரானைட் பட்டை கொடுங்கள். தண்ணீர் அங்கேயே நிற்கும். கூடவே ஒரு திரை போதும். தண்ணீர் போகும் ஜாலி கதவுக்கு எதிர் மூலையில் வர வேண்டும். மூன்று, மூன்றரை அடிக்கு அரை அங்குலம் வாட்டம் வையுங்கள். தரைக்கு 1 × 1 அடி மேட் டைல்ஸ் எடுங்கள். பெரிய டைல்ஸில் வாட்டம் சரியாக உட்காராது, கொத்தனார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

சுவரில் தொங்கும் கமோடு வைத்தால் இடம் மிச்சமாகும் என்கிறார்கள், உண்மையா? (வாசகர், திருச்சி)

கண்ணுக்கு மிச்சம், டேப்புக்கு அவ்வளவு இல்லை. கமோடு குட்டைதான், ஆனால் தண்ணீர்த் தொட்டி சுவருக்குள் போக வேண்டுமே! நாலரை அங்குலச் சுவரைக் குடைந்து தொட்டியைப் புதைக்க முடியாது. இரும்புச் சட்டத்தைத் தரையில் நிறுத்தி, முன்னால் 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒரு அரைச் சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். லாபத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். தரையைக் கழுவுவது மட்டும் நிஜமாகவே சுலபம். அதற்காக வேண்டுமானால் வாங்குங்கள்.

அடுக்குமாடி வீடு. கமோடை எதிர்ச்சுவருக்கு மாற்ற ஆசை. பிளம்பர் முடியும் என்கிறார். (வாசகி, சென்னை)

முடியும்தான். கேட்க வேண்டியது, குழாய் எதற்குள் ஓடும் என்பதை. கமோடுக் குழாய் 110 மில்லிமீட்டர், நாலரை அங்குலத்துக்குப் பக்கம். 40-க்கு 1 என்று சரிவு வைத்தால் 6 அடி தள்ளிப் போவதற்கு மட்டும் ஏறக்குறைய 2 அங்குலம் இறங்க வேண்டும். உங்கள் பாத்ரூம் தளம் பள்ளமாகப் போடப்பட்டிருந்தால் குழாய் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். பள்ளம் இல்லையென்றால் தரையை அரை அடிக்கு மேல் உயர்த்த வேண்டும். படுக்கையறையிலிருந்து படியேறி பாத்ரூமுக்குப் போவீர்கள், தண்ணீர் அதே படி வழியாக இறங்கி வரும்.

இன்னொன்று, தரையை உடைத்தால் பழைய நீர்க்காப்புப் பூச்சும் போய்விடும். புதிதாகப் பூசியபின் தண்ணீரைக் கட்டி 48 மணி நேரம் நிறுத்தி, கீழ் வீட்டுக் கூரையைப் பார்த்த பிறகுதான் டைல்ஸ். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அவசரப்பட்டு ஒரே இரவோடு தண்ணீரை இறைத்துவிட்டேன். மூன்றாம் மாதம் கீழ் வீட்டு அலமாரி ஊறிப்போனது. போட்ட டைல்ஸை உடைத்து எடுத்தது என் செலவில்.

என்னைக் கேட்டால் கமோடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பேசினையும் ஷவரையும் மாற்றுங்கள். அவற்றின் குழாய் சிறியது, வழி கிடைத்துவிடும்.

வாஸ்துப்படி கமோடு வடக்கு தெற்காகத்தான் இருக்க வேண்டுமா? (வாசகர், சேலம்)

குழாய் இடம் கொடுத்தால் அப்படியே வையுங்கள். கொடுக்காவிட்டால் முந்தைய பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது, எங்களோடு வந்து இருக்கப்போகிறார். எதை மாற்ற வேண்டும்? (வாசகி, மதுரை)

முதலில் கதவு. சின்ன பாத்ரூமில் யாராவது விழுந்தால் உடம்பு கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ள முடியாது. அதனால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கமோடு இருக்கை 17, 18 அங்குல உயரம் இருந்தால் முழங்காலுக்குச் சிரமம் குறைவு. பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி, குளிக்கும் இடத்தில் இன்னொன்று. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அது உடம்பின் எடையைத் தாங்காது. கோவை வாசகருக்குச் சொன்ன கிரானைட் பட்டை உங்களுக்கு வேண்டாம், கால் தடுக்கும். வாட்டம் மட்டும் போதும்.

கீசர் எங்கே? (வாசகர், வேலூர்)

கதவுக்கு மேலே, அல்லது பேசின் பக்கம். கமோடில் உட்காருபவர் தலைக்கு நேராக வேண்டாம். 15 லிட்டர் கீசர் 2,000 வாட் இழுக்கும், அதனால் தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். பழுது பார்க்க வருபவர் ஏணி போட இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.