தொப்பைக்குக் கட்டிய பணம்: வாசகர் கேள்வி-பதில்

கொழுப்பு நீக்கும் சிகிச்சைகள் பற்றி வந்த கடிதங்களில் சில, சுருக்கி.

இரண்டு சிசேரியன் ஆனவள். அடிவயிறு தொங்குகிறது. லைப்போசக்ஷன் செய்தால் வயிறும் இறங்கும், சுகரும் குறையும் என்கிறார்கள். செய்யலாமா? (திருப்பூர்)

சுகருக்காக என்றால் வேண்டாம். குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது தோலுக்கு அடியில், கிள்ளினால் கையில் பிடிபடுகிற கொழுப்பை. சுகரோடு அதிகம் சம்பந்தப்பட்டது ஈரலையும் குடலையும் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பு, அங்கே அந்தக் குழாய் போகாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உடல் பருமனான 15 பெண்களுக்கு ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் விதம், எதுவும் தேறவில்லை.

அப்புறம், பிரசவத்துக்குப் பிறகு தொங்குவது வெறும் கொழுப்பாக இருக்காது. தோல் தளர்ந்திருக்கும், வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கும். கொழுப்பை மட்டும் எடுத்தால் தோல் இன்னும் தொங்கும். தோலை வெட்டித் தசையைச் சேர்த்துத் தைப்பது வேறு ஆபரேஷன், பெரிய ஆபரேஷன். உங்களுக்கு எது தேவை என்பதை அந்த கிளினிக்கில் வேலை பார்க்காத ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டிக் கேளுங்கள்.

பக்கத்துப் பார்லரில் இரட்டைத் தாடைக்கு ஊசி போடுகிறார்கள். மூன்று ஊசி 6,000 ரூபாய். (நாகர்கோவில்)

போகாதீர்கள். புட்டியில் என்ன மருந்து என்று அங்கே யாருக்கும் தெரியாது.

கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சை, 8 சிட்டிங், 72,000 ரூபாய், ஈஎம்ஐ. மூன்று வாரத்தில் மூன்று சிட்டிங் முடிந்தது. டேப்பில் 4 செ.மீ. குறைந்ததாகக் காட்டுகிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மீதிப் பணம் திரும்பத் தரமாட்டார்களாம். (மதுரை)

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த இஞ்ச் டேப்பைப் பற்றி நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன்.

இதே போல ஒரு 'இஞ்ச் லாஸ்' பேக்கேஜில் நானும் 38,000 ரூபாய் கட்டினேன். முதல் நாள் அந்தப் பெண் டேப்பைச் சரியாகத் தொப்புள் மேல் தளர்வாக வைத்து, மூச்சை விடச் சொல்லி அளந்தார். ஆறாவது சிட்டிங் முடிந்ததும் டேப் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது, சதையில் பதியும்படி இழுத்துப் பிடித்திருந்தார். 3 செ.மீ. குறைந்தது என்று கார்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். வீட்டுக்கு வந்து அதே பேண்டைப் போட்டால் பெல்ட் அதே ஓட்டையில்தான் நின்றது. திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சம். இந்தக் கூச்சத்தை நம்பித்தான் இவர்கள் பேக்கேஜ் விற்கிறார்கள். அதனால்தான் நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன்.

சிகிச்சை பொய் இல்லை. ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர்கள் மான்ஸ்டீன், ஆண்டர்சன் இருவரும் கொண்டுவந்தது, 2010இல் அமெரிக்காவில் இடுப்பு மடிப்புக்கு அனுமதி கிடைத்தது. தோலைவிடக் கொழுப்பு குளிரைத் தாங்காது. ஐஸ் குச்சியை வாயிலேயே வைத்திருக்கும் குழந்தைகளுக்குக் கன்னத்துக் கொழுப்பு கட்டிப்பட்டுப் போவதை டாக்டர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால் குளிரில் செத்த செல்களை உடம்பு மெல்ல மெல்ல, இரண்டு மூன்று மாதத்தில்தான் அப்புறப்படுத்தும். வைத்த இடத்தில் கொழுப்பின் கனம் கால் பங்கு வரை குறையலாம், அவ்வளவுதான். அப்படி இருக்க மூன்றே வாரத்தில் 4 செ.மீ. குறைந்தது என்றால் அதைக் குறைத்தது டேப். இன்னொன்று, சிலருக்கு அந்த இடத்தில் கொழுப்பு குறையாமல் கெட்டியாகி வீங்கும். மாடல் லிண்டா எவான்ஜெலிஸ்டா 2021இல் தனக்கு இப்படி ஆனதை வெளியே சொல்லி வழக்குப் போட்டார். பணம் வாங்குமுன் இதை உங்களிடம் சொன்னார்களா?

இப்போது செய்ய வேண்டியது: பாக்கி ஐந்து சிட்டிங்குக்கான பணத்தைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் நகல் போகட்டும். ஈஎம்ஐயை மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள், சிபில் ஸ்கோர் அடிபடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. வழக்கின் முடிவை எனக்கு எழுதுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை என்றார்கள், 60,000 கொடுத்தேன். பில் இல்லை. லைப்போசக்ஷன் செய்த டாக்டர் பெயர் தெரியாது. இப்போது இடுப்பில் ஒரு பக்கம் பள்ளம். (கோவை)

ஒரு மிக்சி வாங்கினால் வாரண்டி கார்டில் சீல் போடாமல் கடையை விட்டு இறங்குவீர்களா? உடம்பில் குழாய் விடுகிறவர் பெயரைக் கேட்கவில்லை என்று எழுதுகிறீர்களே, கோபம்தான் வருகிறது. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதை மிச்சம் பிடித்ததில் கையில் இருந்திருக்க வேண்டிய ஒரே சாட்சியும் போயிற்று. 2022இல் பெங்களூரில் 21 வயது நடிகை கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போய் இறந்ததை மறந்துவிட்டோமா? செய்பவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா, ஏதாவது ஆனால் ஐசியூ எங்கே, இந்த மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் படுக்கவே கூடாது.

சரி, நடந்தது நடந்துவிட்டது. உங்கள் மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. டாக்டர் பெயர் அதில் இருக்கும். வாட்ஸ்அப் பேச்சு, பணம் எடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் அழிக்காதீர்கள். பள்ளத்தைத் தகுதியான சர்ஜனிடம் காட்டிச் சர்டிபிகேட் வாங்குங்கள்.

எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியை ஆறு மாதம் போட்டு, இளைத்ததும் நிறுத்தினால் போதுமா? தெரிந்தவர் சீட்டு இல்லாமல் தருகிறார். (சென்னை)

போதாது. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இளைக்கும்போது கொழுப்பு செல் சுருங்குகிறது, எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2008இல் சொன்னது: வருடத்துக்குச் சுமார் 10 சதவீத கொழுப்பு செல்கள் சாகின்றன, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. ஆகவே ஊசியைத் தொடர வேண்டிவரும், மாதச் செலவைப் பல வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒரு டாக்டரிடம் போங்கள். சீட்டு இல்லாமல் தருகிறவர் அதை ஃபிரிட்ஜில் வைத்திருந்தாரா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

லைப்போசக்ஷன் செலவு மெடிக்ளெய்மில் கிடைக்குமா? (சேலம்)

கிடைக்காது. எடை குறைக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் வேறு. பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 40, அல்லது கட்டுப்படாத சுகர் போன்ற கோளாறோடு 35 இருந்து டாக்டரும் எழுதிக் கொடுத்தால், பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.