ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் லன்களை நகலெடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. டேட்டா ஒரு லன்னிலும் (ஸ்டோரேஜ் பெட்டி சர்வருக்கு ஒரு டிஸ்க்காகக் காட்டும் பகுதி), டபிள்யூ.ஏ.எல். லாக் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) இன்னொரு லன்னிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே சான் ஸ்டோரேஜில் (சர்வர்கள் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி). மாதாமாதம் டெஸ்ட் சர்வருக்கு ஒரு நகல் வேண்டும், ஆனால் டேட்டாபேஸை நிறுத்த முடியாது. ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் நிலையைப் பிடித்துவைப்பது) போதுமா, குளோன் (முழுத் தனி நகல்) எடுக்க வேண்டுமா? போன தடவை ஸ்னாப்ஷாட்டை அதே சர்வரில் மவுன்ட் செய்யப் போனால், இதே யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) ஏற்கெனவே இருக்கிறது என்று எக்ஸ்.எஃப்.எஸ். ஃபைல் சிஸ்டம் மறுத்துவிட்டது.

பதில்: ஸ்னாப்ஷாட்டா குளோனா என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் நிலைமையில் முதலில் கவனிக்க வேண்டியது, லன்கள் இரண்டு என்பதுதான்.

போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் லாக்கில் எழுதிய பிறகுதான் டேட்டா ஃபைலில் எழுதும். கரண்ட் போய்த் திரும்பினால், அந்த வரிசையை நம்பித்தான் லாக்கைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. லாக் லன்னை 10 மணிக்கும் டேட்டா லன்னை அதற்கு 4 விநாடி கழித்தும் ஸ்னாப்ஷாட் எடுத்தால், டேட்டாவில் ஏறிவிட்ட சில மாற்றங்களுக்கு லாக்கில் பதிவே இருக்காது. வரிசையை மாற்றி எடுத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. நடுவில் ஒரு செக்பாயின்ட் (அதுவரையான மாற்றங்களை டேட்டா ஃபைலில் எழுதி முடிக்கும் வேலை) முடிந்து, தேவைப்படும் பழைய லாக் ஃபைல் அழிந்திருக்கலாம். இதில் மோசமான விஷயம், இப்படி எடுத்த நகல் சில நேரம் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் திறந்துவிடும். பல நாள் கழித்து ஒரு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) தப்பான விடை தரும். டெவலப்பர்கள் தங்கள் கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் உங்கள் ஸ்டோரேஜில் கன்சிஸ்டென்சி குரூப் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு லன்களையும் (டேட்டாவின் ஒரு பகுதியைத் தனியாக வைத்திருக்கும் டேபிள்ஸ்பேஸ் லன் இருந்தால் அதையும்) ஒரே குரூப்பில் சேர்த்து, குரூப்புக்கு ஸ்னாப்ஷாட் கொடுத்தால் எல்லாம் ஒரே கணத்தில் பிடிபடும். டேட்டாபேஸை நிறுத்தவே வேண்டாம். அதற்கு முன் ஒரு செக்பாயின்ட் கட்டளை கொடுத்துவிட்டால் நகல் சீக்கிரம் எழும்பும்.

அந்த வசதி இல்லையென்றால், எஃப்எஸ்ஃப்ரீஸ் என்ற லினக்ஸ் கட்டளை கொண்டு இரண்டு ஃபைல் சிஸ்டங்களையும் உறைய வைத்து, இரண்டு ஸ்னாப்ஷாட்டையும் எடுத்து, உடனே விடுவியுங்கள். அந்தச் சில விநாடிகள் அப்ளிகேஷன் அப்படியே நிற்கும். ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் விடுவிக்கும் கட்டளை கட்டாயம் ஓடும்படி எழுதுங்கள். லினக்ஸே குடியிருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தின் பக்கம் போகாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஷெல்லே உறைந்துவிடலாம்.

சரி, ஸ்னாப்ஷாட்டா குளோனா? ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது டேட்டா நகர்வதில்லை, பிளாக்குகளின் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) வரைபடம் மட்டும்தான் பதிவாகிறது. மாறாத பிளாக்குகளை அசலும் நகலும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே டெஸ்ட் சர்வரில் யாராவது கனமான ரிப்போர்ட் ஓட்டினால் அதன் சுமை அசலின் டிஸ்க்குகள் மேலேயே விழும். காப்பி ஆன் ரைட் முறையில் இயங்கும் பெட்டி என்றால், அசலில் ஒரு பிளாக்கை முதன்முறை மாற்றும்போது பழையதைப் படித்து வேறிடத்தில் எழுதிவிட்டுத்தான் புதியதை எழுதும். ஒதுக்கிய இடம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாமலே போகலாம். இரண்டு மூன்று நாள் சோதனைக்கு எழுதக்கூடிய ஸ்னாப்ஷாட் தாராளமாகப் போதும். மாதம் முழுக்க வைத்திருப்பீர்கள் என்பதால் உங்களுக்கு என் பரிந்துரை: குரூப் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து முழு குளோனைப் பின்னணியில் ஓடவிட்டு, முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை அழித்துவிடுங்கள். இரண்டையுமே பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஸ்டோரேஜ் பெட்டி போனால் அசலோடு சேர்ந்து இவையும் போய்விடும்.

எக்ஸ்.எஃப்.எஸ். மறுத்தது நல்லதற்குத்தான். நகல் அச்சு அசல் என்பதால் யூயூஐடியும் அதேதான். நகல் லன்களை டெஸ்ட் சர்வருக்கு மட்டும் தெரியும்படி மேப் செய்யுங்கள். எல்.வி.எம். (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) இருந்தால், அசல் சர்வரில் நகல் தெரிந்தாலே குழப்பம் தொடங்கும். அந்த மாதிரி நகலுக்குப் புது அடையாளம் கொடுக்க விஜிஇம்போர்ட்குளோன் கட்டளை இருக்கிறது. தவிர்க்க முடியாமல் ஒரே சர்வரில் மவுன்ட் செய்வதென்றால், நோயூயூஐடி என்ற ஆப்ஷனோடு ஒருமுறை மவுன்ட் செய்து அன்மவுன்ட் செய்யுங்கள். ஃபைல் சிஸ்டத்தின் லாக் அப்போது தீர்ந்துவிடும். பிறகு எக்ஸ்எஃப்எஸ் அட்மின் கட்டளையால் புது யூயூஐடி போடுங்கள்.

டெஸ்ட் சர்வரில் போஸ்ட்கிரெஸை எழுப்புவதற்கு முன் கான்ஃபிகைத் திறந்து ஆர்க்கைவ் மோடை (லாக் ஃபைல்களைப் பேக்கப்புக்காக வேறிடத்தில் சேர்க்கும் அமைப்பை) அணையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நகலில் இருப்பது அசலின் அமைப்பு. அசலின் ஆர்க்கைவ் இடத்துக்கு டெஸ்ட் சர்வரும் எழுத முடிந்தால், இதன் லாக் ஃபைல்களும் அங்கே போய் உங்கள் உண்மையான பேக்கப்பையே கெடுத்துவிடும். வாடிக்கையாளருக்கு எஸ்.எம்.எஸ்., மெயில் அனுப்பும் வேலைகளையும் நிறுத்துங்கள், அவர்கள் விவரங்களை மறைத்துவிட்டு டெவலப்பர்களிடம் கொடுங்கள்.

முதல் முறை எழும்பும்போது, டேட்டாபேஸ் முறையாக நிறுத்தப்படவில்லை, மீட்பு நடக்கிறது என்று சர்வரின் செய்தி லாக்கில் (டபிள்யூ.ஏ.எல். அல்ல) ஒரு வரி வரும். பதற வேண்டாம், ஸ்னாப்ஷாட் நகலில் அது வந்தே ஆக வேண்டும். அப்புறம் முழு டேட்டாபேஸையும் ஒருமுறை பிஜிடம்ப் (டேட்டாவை ஃபைலாக வெளியே எடுக்கும் கட்டளை) செய்து பாருங்கள். டேபிள்கள் எல்லாவற்றையும் அது படித்துவிடும். இன்டெக்ஸ்களைச் சோதிக்க, போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்பு முதல் பிஜிஆம்செக் கருவி இருக்கிறது.

அடுத்த மாதம் குளோனைப் புதுப்பிக்கும்போது, டெஸ்ட் சர்வரில் போஸ்ட்கிரெஸை நிறுத்தி, அன்மவுன்ட் செய்து, எல்.வி.எம். இருந்தால் அதன் வால்யூம் குரூப்பையும் செயலிழக்கச் செய்த பிறகே ஸ்டோரேஜில் கை வையுங்கள். மவுன்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கின் அடியில் டேட்டா மாறினால், சர்வர் தன் கேஷில் (மெமரியில்) உள்ள பழைய பிளாக்குகளைப் புதியவற்றின் மேல் எழுதிவிடும். அந்த நகலை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.