குஞ்சுகளின் எச்சம்: எது இயல்பு, எது நோய்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பொள்ளாச்சியில் வாங்கிய 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இப்போது 18 நாள் ஆகிறது. இடையிடையே கரும்பழுப்பு நிறத்தில், களிபோல, கடும் நாற்றத்துடன் எச்சமிடுகின்றன. இரண்டு குஞ்சுகளுக்குப் பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நமக்குத் தரும் வயிற்றுப்போக்கு மாத்திரையைக் கரைத்து ஊற்றும்படி பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை குடலின் அசைவை மட்டுப்படுத்துமே தவிர, கழிச்சலுக்கான காரணத்தை நீக்காது. இவ்வளவு சிறிய உயிருக்கு அதை அளந்து கொடுக்கவும் வழியில்லை.

நீங்கள் பார்த்து அஞ்சிய களி எச்சம் பெரும்பாலும் இயல்பானதே. கோழியின் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் வால்போல நீண்ட இரண்டு பைகள் உண்டு. அவற்றில் தங்கி நொதித்த கழிவு நாளுக்குச் சில முறை தனியாக வெளியேறும்போது அப்படித்தான் நாறும். மற்ற எச்சங்கள் உருண்டு திரண்டு, மேலே சுண்ணாம்பு தொட்டுவைத்ததுபோல வெள்ளையாக இருந்தால் செரிமானம் நன்றாக நடக்கிறது என்று கொள்ளலாம். அந்த வெள்ளை, சிறுநீரகம் பிரித்தனுப்பும் யூரிக் அமிலம்.

பின்புறம் ஒட்டியிருப்பதை மட்டும் இன்றே கவனியுங்கள், ஏனெனில் வழி அடைபட்டால் குஞ்சு இறந்துவிடும். காய்ந்ததைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து கிழியும். ஆகவே வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் சில நிமிடம் வைத்து, தானே இளகியபின் துடைத்தெடுத்து, நன்றாக உலர்த்திய பிறகே கூட்டத்தில் விடுங்கள். இந்த ஒட்டலுக்குக் குளிர் ஒரு முக்கியக் காரணம். கணவாய் வழியாக ஆடிக்காற்று ஈரத்தோடு அடிக்கும் உங்கள் பகுதியில், பகல் சூட்டை நம்பி இரவில் பல்பை அணைத்துவிடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மூன்றாவது வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவை பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டால் சூடு போதவில்லை. விலகி நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மூன்று முதல் ஆறு வாரம் வரைதான் ரத்தக் கழிச்சல் மிகுதியாகத் தாக்கும் காலம். அதை உண்டாக்கும் எய்மீரியா என்னும் நுண்ணுயிரி எச்சத்தோடு கூளத்தில் விழுந்து, அங்கே ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலையை அடைகிறது. தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள உமியை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள்; கட்டியாகத் திரண்டால் அதை அப்படியே அகற்றிவிட்டு உலர்ந்த உமியைப் போடுங்கள், தட்டையும் ஒரு செங்கல்மீது உயர்த்தி வையுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்து, குஞ்சு சிறகைத் தொங்கவிட்டுக் கண்மூடி நின்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் எழுதித் தரும் ஆம்ப்ரோலியத்தை எல்லாக் குஞ்சுகளுக்கும் குடிநீரில் கொடுக்க வேண்டும். அந்த மருந்து, கிருமிக்குத் தேவையான பி1 வைட்டமினைத் தடுத்தே வேலை செய்கிறது; எனவே அந்த நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக் வேண்டாம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறலும் கழுத்துத் திருகலும் கண்டால் ராணிக்கெட் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே காக்கும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து போடப்பட்டதா என்று குஞ்சு விற்றவரிடம் கேளுங்கள். போடவில்லை என்றால், அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு இந்த வாரமே செல்லுங்கள். போகும்போது புதிதாக விழுந்த எச்சத்தில் கொஞ்சம் ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் சென்றால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு உதவியாக இருக்கும்.