பெட்ரோல் கார்ட்டா, பேட்டரி கார்ட்டா? கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்துப் பீச்ட்ரீ சிட்டிக்குப் பக்கத்தில் கோல்ஃப் கார்ட் (கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற சின்ன வண்டி) பழுது பார்க்கும் பட்டறையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் கார்ட் போவதற்கென்றே சுமார் 160 கிலோமீட்டர் தனிப்பாதை இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, பால் வாங்கப் போவது எல்லாம் அதில்தான். கார்ட் தயாரிக்கும் ஈ-இசட்-கோவும் கிளப் காரும் இதே மாநிலத்து அகஸ்டா பகுதி நிறுவனங்கள். யமஹா கார்ட் தயாராவது பக்கத்து ஊர் நியூனனில். மூன்றையும் பிரித்து மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். விலை, கடன், இன்ஷூரன்ஸ் தவிர எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சார்லட்டில் இருந்து: அக்கா, எங்கள் குடியிருப்புக்குள் ஓட்டவும் கிளப் ஹவுஸ் போய் வரவும் ஒரு கார்ட் வாங்கப் போகிறோம். பெட்ரோலா, பேட்டரியா?

வண்டி எங்கே ஓடும் என்று சொல்லிவிட்டீர்கள். எங்கே நிற்கும் என்று சொல்லவில்லையே! நான் முதலில் கேட்பதே அதைத்தான். வீட்டோடு ஒட்டிய கராஜ், அங்கே ஒரு பிளக் பாயிண்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், பேட்டரி வாங்குங்கள்.

பெட்ரோல் கார்ட்டில் இருப்பது ஏறக்குறைய 400 சிசி எஞ்சின். அதை வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். மாடியில் குழந்தை தூங்கும் அறையில் அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் அடித்தது. அலாரம் இருந்ததால் பிழைத்தார்கள். பெட்ரோல் வண்டி வாங்குகிறவர் யாராக இருந்தாலும் வண்டியைக் கையால் வெளியே தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பெட்ரோல் எங்கே நல்லது? பெரிய பண்ணை, பிளக் இல்லாத கொட்டகை, நாள் முழுக்கச் சுமை இழுக்கிற வேலை, இதற்கெல்லாம் அதுதான் சரி. தீர்ந்தால் இரண்டு நிமிடத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பலாம். ஆனால் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டிரைவ் பெல்ட், ஸ்டார்ட்டர் பெல்ட் என்று வருடாவருடம் பார்க்க வேண்டும். பேட்டரி வண்டிக்கு இந்தச் செலவெல்லாம் கிடையாது. அதற்குப் பதிலாக, லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் உள்ள) பேட்டரி என்றால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக ஒரு பெரிய செலவு வரும். அந்த ஐந்து வருடம் மூன்றாகச் சுருங்குவதும் ஏழாக நீளுவதும் நீங்கள் பேட்டரிக்குள் தண்ணீர் ஊற்றுகிற ஒழுங்கைப் பொறுத்தது.

டாம்பாவில் இருந்து: ஒரு சார்ஜுக்கு எத்தனை மைல் ஓடும்?

கணக்காகவே சொல்கிறேன். 48 வோல்ட் வண்டியில் 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். ஒவ்வொன்றும் 170 ஆம்பியர் ஹவர் என்றால் மொத்தம் 8 யூனிட்டுக்குச் சற்று மேல். லெட் ஆசிட் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 4 யூனிட். சமதளத்தில் மிதமாகப் போனால் மைலுக்கு 170 வாட் ஹவர் அளவில் செலவாகும். ஆக 23 மைல் வரும். மேடு, நாலு ஆள், காற்றில்லாத டயர் சேர்ந்தால் குறையும்.

நியூனனில் இருந்து: அப்பாவுக்கு 72 வயது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் இருப்பார். அவர் ஓட்ட எது சுலபம்? லைசென்ஸ் வேண்டுமா?

பேட்டரி வண்டிதான். பெட்ரோல் கார்ட்டில் பெடலை மிதித்தால்தான் எஞ்சினே ஸ்டார்ட் ஆகும், காலை எடுத்தால் நின்றுவிடும். அந்தச் சின்னக் குலுக்கல் வயதானவர்களைப் பதறவைக்கும். அப்புறம், ஏசி மோட்டார் (மாறுமின்னோட்டத்தில் ஓடுவது) உள்ள பேட்டரி வண்டி இறக்கத்தில் தானாகவே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு விஷயத்தை அப்பாவுக்குப் பழக்கிவிடுங்கள். நிற்கும்போது வண்டி சத்தமே போடாது, ஆஃப் ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். இறங்குமுன் பார்க்கிங் பிரேக், பிறகு சாவி. சாவியை வண்டியிலேயே விட்டால் பேரப்பிள்ளை ஏறிப் பெடலை மிதிக்கும். பின்சீட்டில் பிள்ளைகளை நிற்கவைத்தும் ஓட்டாதீர்கள். திருப்பத்தில் விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸ் விஷயம் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் நகர அலுவலகத்தில் கேளுங்கள்.

ஹூஸ்டனில் இருந்து: வண்டி திணறுகிறது. ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்தால் 48 வோல்ட் காட்டுகிறது. முழு சார்ஜ்தானே?

இல்லை தம்பி. இந்த 48 பலரை ஏமாற்றுகிறது. பேர்தான் 48 வோல்ட் வண்டி. சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் முழுப் பேட்டரி 50.9 வோல்ட் அருகில் காட்டும். 48.4 காட்டினாலே பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் பாதிக்கும் கீழே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று ராத்திரி முழு சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் ஆறு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தால் ஆளைப் பிடித்தாயிற்று.

ஆஸ்டினில் இருந்து: மன்னிக்கவும் அக்கா, பாதியில் நிறுத்துவது தவறு. பேட்டரியை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு 'மெமரி' வந்துவிடும். நான் அப்படித்தான் மூன்று வருடமாகச் செய்கிறேன்.

மெமரி என்பது நிக்கல் காட்மியம் பேட்டரியின் குணம். பழைய கார்ட்லெஸ் போனில் இருந்தது அதுதான். கார்ட்டில் இருப்பது ஈயமும் அமிலமும். சார்ஜ் இறங்க இறங்க ஈயத் தகட்டின்மேல் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். காலியாகவே விட்டால் இறுகிக் கல்லாகிவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் கரைக்காது. ஐந்து மைல் ஓட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் பிளக்கை மாட்டுங்கள்.

சார்லட்டில் இருந்து மீண்டும்: என் கணவரும் ஆஸ்டின்காரர் கட்சிதான்! செல்போனுக்கும் அப்படித்தானே சொல்வார்கள்?

இப்போதைய செல்போன் லித்தியம்மா. அதற்கும் முழுக்கக் காலியாவது ஆகாது.

ஆஸ்டின்: பிறகு எப்படி என் பேட்டரி மூன்று வருடம் தாங்கியது?

புதுப் பேட்டரி எதையும் கொஞ்ச காலம் தாங்கும். முதல் வருடம் ஓடிய மைல் இப்போதும் ஓடுகிறதா? நேர்மையாகச் சொல்லுங்கள். ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள், விலை அதிகமில்லை. முழு சார்ஜுக்குப் பிறகு ஒவ்வொரு செல்லிலும் (8 வோல்ட் பேட்டரி ஒன்றில் நாலு செல்) அமிலத்தை உறிஞ்சி அடர்த்தியைப் பாருங்கள். நல்ல செல் 1.27, 1.28 காட்டும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், மிதவை எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

டாலஸில் இருந்து: நான் அக்கா கட்சி. எங்கள் வண்டி ஆறு வருடமாக ஓடுகிறது, தினமும் சார்ஜ்.

நன்றாக வைத்திருக்கிறீர்கள். தண்ணீரும் ஒழுங்காக ஊற்றியிருப்பீர்கள்.

ராலேயில் இருந்து: ஃபில்டர் தண்ணீர் ஊற்றலாமா? எப்போது ஊற்றுவது?

டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரிலும் குடிக்கிற ஃபில்டர் தண்ணீரிலும் உப்புச்சத்து இருக்கும், அது தகட்டைக் கெடுக்கும். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜாகும்போது பொங்கி அமிலம் வெளியே வழியும், அடித்தட்டு துருப்பிடிக்கும். தகடு வெளியே தெரிகிறது என்றால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே ஊற்றலாம். அமிலம் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு ஆகாது, கராஜில் காற்றோட்டம் வேண்டும்.

ஆர்லாண்டோவில் இருந்து: ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?

மேலே டாம்பா நண்பருக்குக் கணக்கோடு சொல்லியிருக்கிறேன்.

சின்சினாட்டியில் இருந்து: பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடலாமா? கராஜில் ஹீட்டர் கிடையாது.

தாராளமாகப் போடலாம். ஆறு லெட் ஆசிட் பேட்டரி சேர்ந்து 170 கிலோ. அதே வண்டிக்கு லித்தியம் 50 கிலோவுக்குள் முடியும். வண்டி துள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் வேலை இல்லை, பாதிக்கும் கீழே இறக்கினாலும் கவலை இல்லை. ஆனால் பழைய சார்ஜரை அதில் மாட்டாதீர்கள், லித்தியத்துக்கு உரியதுதான் வேண்டும். உங்கள் ஊர்க் குளிருக்கு இன்னொன்று: உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் செல் கெட்டுவிடும். உள்ளேயே ஹீட்டர் வைத்த பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, 'ரன்/டோ' சுவிட்சை (ஓட்டுவதற்கு 'ரன்', கட்டி இழுப்பதற்கு 'டோ') 'டோ'வுக்கு மாற்றிவிட்டுத்தான் பழைய பேட்டரிமேல் கை வைக்க வேண்டும். கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒருசேரத் தொட்டால் பழுத்துவிடும்.

கொடைக்கானலில் இருந்து: சிறிய ரிசார்ட் நடத்துகிறோம். அறைகள் சரிவில் இருக்கின்றன. விருந்தினர்களை ஏற்றிச் செல்ல நம் ஊர் பேட்டரி கார் தாங்குமா?

நம் ஊர் வண்டிகளில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் எந்த மாடல் என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்ல முடியும். ஏறுவதைவிட இறங்குவதைத்தான் சோதிக்க வேண்டும். முழு ஆள் ஏற்றி, உங்கள் மிகச் செங்குத்தான சரிவில் இறக்கிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மியாமியில் இருந்து: எத்தனை மைல்...

டாம்பா பதில்.

மேகானில் இருந்து: இரண்டு வருடம் ஓட்டாமல் நின்ற பெட்ரோல் கார்ட் மலிவாக வருகிறது. ஸ்டார்ட் ஆகவில்லை. வாங்கலாமா?

எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கார்புரேட்டர். எத்தனால் கலந்த பெட்ரோல் நின்று நின்று பிசினாகி, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்திருக்கும். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், வார்னிஷ் வாடை வந்தால் அதுதான். கழுவி மாட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும். பிறகு அந்த ஆயில் குச்சியை எடுங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தால், மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எல்லாமே வெளியே, திறந்த இடத்தில்.

ஆஸ்டின்: அக்கா, பக்கத்து வீட்டில் ஹைட்ரோமீட்டர் கிடைத்தது. நேற்று ராத்திரி சார்ஜ் போட்டேன். 24 செல்லில் 19 செல் 1.25 பக்கம். ஐந்து செல் 1.19தான். முதல் வருடம் 20 மைல் ஓடியது, இப்போது 11.

பார்த்துச் சொன்னதற்கு ரொம்ப நன்றி தம்பி. இன்னும் கைவிட வேண்டியதில்லை. தண்ணீர் மட்டம் பாருங்கள், சார்ஜரில் ஈக்வலைஸ் வசதி (எல்லா செல்லையும் சமப்படுத்தும் கூடுதல் சார்ஜ்) இருந்தால் ஒரு முறை போடுங்கள். இல்லையென்றால், சார்ஜர் நின்றதும் பிளக்கைக் கழற்றி மாட்டி இன்னொரு சுற்று ஓடவிடுங்கள். பேட்டரி கை பொறுக்காத சூடானால் நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரம் தினமும் ஓட்டியதும் சார்ஜ், காலி செய்யாமல். பிறகு மறுபடி 24 செல்லையும் அளந்து எழுதுங்கள். அந்த ஐந்தும் ஒரே பேட்டரியிலா, இரண்டிலா என்றும் குறித்து வையுங்கள். 1.19 ஏறினால் ஒரு வருடமாவது ஓட்டலாம். ஏறவில்லை என்றால் அந்த எண்களோடு வாருங்கள், எதை மாற்றுவது என்று பார்ப்போம்.